கரி அண்ணன் உருளை

பிப்ரவரி 9

தங்கைக்கு,

எட்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம், அப்படி ஒன்று இருந்தால்.

நேற்று எங்கள் கல்லூரி நூலகர் தன் பதவி உயர்வுக்காக ஆசிரியர் அறைக்குச் சாப்பாடு வரவழைத்திருந்தார். ஒரு பெட்டியின் மூடியில் உன் உணவகத்தின் சீட்டு ஒட்டியிருந்தது. ‘கரி அண்ணன் உருளை’ என்று பெரிய எழுத்தில் பெயர். கீழே, ‘எங்கள் அண்ணன் ஒருநாள் ஒரு தட்டு உருளைக்கிழங்கைக் கரியாக்கினார். அன்றிலிருந்து நாங்கள் கவனமாக இருக்கிறோம்.’

“யாரு சார் இந்தக் கரி அண்ணன்? பாவம், வீட்டுக்குள்ள விடுறாங்களா இல்லையா?” என்றார் நூலகர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தேன். தோல் தொளதொளவென்று இருந்தது. பூண்டு கசந்தது.

உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் உரிமையாளர், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு இடம் தருவேன் என்று சொல்லி உன் வீட்டுக்கு வந்தார். கடையை நீ, மாப்பிள்ளை, நான் மூவரும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. குட்டி உருளையைப் பூண்டும் ரோஸ்மேரித் தழையும் போட்டு ஓவனில் சுடுவது என் பொறுப்பு. ஒரு குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்துக் கைக்குக் கொண்டுவந்த பதம் அது. உன் பழைய ஓவனில் எண்கள் அழிந்துபோயிருந்ததால், இருநூறு டிகிரிக்குச் சூட்டைத் திருப்பும் குமிழின் ஓரத்தில் உன் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தவனும் நான்தான். அன்றும் அந்தப் புள்ளி மேலே வரும்படிதான் திருப்பினேன்.

ஓவன் கதவைத் திறந்தால் புகை. மாப்பிள்ளை வந்தவரைப் பார்த்துக்கொண்டே, “மச்சான், இது உருளைக்கிழங்கா, அடுப்புக்கரியா?” என்றார். உரிமையாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடத்தை உங்களுக்குக் கொடுத்தார். அடுத்து மாப்பிள்ளை சொன்னது: “இனிமே மச்சானை அடுப்புப் பக்கம் விடாதீங்கப்பா.” நீ தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் பின்னால் வரவில்லை.

சீட்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் கடையில் சிரிப்புக்குப் பயன்படுபவன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காம சமையலறை அலமாரியில வச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் பிரிச்சேன். உன் கையெழுத்து கொஞ்சம்கூட மாறல. கண்ணு நல்லாயிருக்கா? கண்ணாடி போட்டுட்டியா?

ஒண்ணு சொல்லணும். படிச்சுட்டு நீ கிழிச்சுப் போட்டாலும் சரி.

முந்தின நாள் ஓவனைத் தேய்ச்சுக் கழுவினது நான்தான். குமிழையும் கழட்டிக் கழுவினேன். அதோட உள்பக்கம் தேய்ஞ்சுபோய் எப்படி வேணா மாட்டிக்கும்னு உனக்கே தெரியும். நான் மாட்டினப்ப திரும்பிக்கிச்சு. உன் புள்ளி மேல வர்ற மாதிரி வச்சா முழுச் சூடு. நீ வாசல்ல செருப்பு போட்டுக்கிட்டிருந்தப்பவே குமிழ் மாறியிருக்கறதைப் பார்த்துட்டேன். “அண்ணா, நில்லு”ன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல.

ஏன்னா, அந்த மூணு மாசமா கடைக்குன்னு நீ எழுதி வச்ச விதிமுறை நாலு பக்கம். உப்பு கிராம் கணக்குல. ஒரு வெங்காயம் நறுக்கக்கூட நான் உன் முகத்தைப் பார்க்கணும். நீ போனப்புறம் அந்தச் சமையலறை எனக்குப் பெருசா தெரிஞ்சுது. அழுதேன்தான். ஆனா மூச்சு நல்லா வந்துச்சு. ரெண்டுமே நிஜம்.

அவருக்கு இது இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பேரு வச்சது அவர்தான். நான் தடுக்கல. ஒரு நாளைக்கு நாப்பது தடவை யாராவது வந்து “கரி அண்ணன் ஒண்ணு குடுங்க”ம்பாங்க. எனக்கு வேற எங்க உன்னைப் பத்திப் பேச்சு வருது, சொல்லு.

உன் தங்கச்சி


மார்ச் 30

அண்ணா,

பதில் இல்ல. எதிர்பார்க்கவும் இல்ல.

சீட்டை மாத்தியாச்சு. இப்ப வெறும் ‘குட்டி உருளை’. “அண்ணன் எங்க போனார்?”னு வர்றவங்க கேக்குறாங்க. “கோபிச்சுக்கிட்டார்”னு அவர் சொல்றார். அவர்கிட்ட குமிழ் விஷயத்தைச் சொல்லிட்டேன். கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சார். அப்புறம், “மச்சான் வந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?”ன்னார்.

தோல் தொளதொளன்னு வருதுன்னு எழுதியிருந்தே. எட்டு வருஷமா அப்படித்தான் வருது. என்ன தப்பு பண்றேன்? வந்து பார்த்துச் சொல்ல மாட்டியா?

உன் தங்கச்சி


ஏப்ரல் 6

தங்கைக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தில் பொய் இல்லை. பதில் எழுத ஏழு வாரம் ஆனதற்கு அதுதான் காரணம். பொய் இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

புள்ளி மேலே வரும்படிதான் திருப்பினேன் என்று உனக்கு அவ்வளவு உறுதியாக எழுதினேன் அல்லவா? எனக்கே அந்த உறுதி கிடையாது. அளவீட்டுப் பிழையைப் பற்றி இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அன்று என் கைதான் தவறியது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் அடுப்பு பற்றவைத்தது தேநீருக்கு மட்டும். அந்த எட்டு வருடத்தை நீ திருப்பித் தர முடியாது. நான்கு பக்க விதிமுறையை நானும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. வெங்காயம் நறுக்கும்போது நீ என்னைப் பார்த்ததை நான் கவனித்ததே இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். வேகவைத்த கிழங்கை நீ ஈரத்தோடு தட்டில் போடுகிறாய். கத்தி பாதி வரை இறங்கும் பதத்தில் தண்ணீரை வடித்துவிட்டு, அதே சூடான பாத்திரத்தில் மூடாமல் ஆவி போக விடு. பிறகு குலுக்கு. தோல் சொரசொரப்பாக வேண்டும். வெறும் தட்டில் எண்ணெய் ஊற்றி ஓவனில் முதலிலேயே காயவை. பெரிய கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கு. கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல நீ தட்டை அடைக்கிறாய். பூண்டை நறுக்காதே. பற்களைத் தோலோடு, பாதி வெந்த பிறகு போடு. கசப்பு வராது. ரோஸ்மேரி கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

உப்பு உன் கைக்கு வந்தபடி.

ஓவன் இன்னும் பழையதுதானென்றால் புள்ளியைக் குமிழில் மட்டும் வைக்காதே, அது மாட்டுகிற தண்டிலும் நேராக ஒன்று வை. அன்று அதைச் செய்யத் தவறியவன் நான். இருக்கிற மூஞ்சியே போதும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

வருவேனா என்று இப்போது கேட்காதே. கீழே ‘அண்ணன்’ என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பாய். ஆகவில்லை. வெறும் பெயரை எழுதினால் இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அதுவும் உண்மையில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். தபால் எடுக்க வருகிற நேரம். அந்த இடத்தை அப்படியே விட்டு, கையெழுத்துப் போடாமலே பெட்டியில் போடுகிறேன்.