குடிக்காமல் வந்த போத்தல்

செவ்வாய்க்கிழமை இரவு

பேத்தியின் தண்ணீர்ப் போத்தல் இன்றும் நிறைந்தபடியே பள்ளிக்கூடத்தால் வந்தது. இந்த வெயிலுக்கு ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை.

"ஏன் பிள்ளை குடிக்கேல்லை?"

"குடிச்சா ஒண்டுக்கு வரும் அம்மம்மா. பாடம் நடக்கேக்க போகேலாது, இடைவேளைக்குத்தான் எண்டு புது ரீச்சர் சொல்லிப்போட்டா."

"அவசரமெண்டு கேக்கிறதுதானே?"

"கேட்டா பெடியள் சிரிப்பாங்கள்."

புது ரீச்சர் யாரென்று விசாரித்தேன். நெடுங்கேணிச் சரசுவின் மகளாம். திகைத்துப்போனேன். யுத்தம் முடிந்து நாங்கள் எல்லோரும் முகாமில் இருந்தபோது, கக்கூஸ் வரிசையில் அடக்கமுடியாமல் துள்ளித் துள்ளி அழுத பிள்ளை அது. என் இடத்தில் அவளை விட்டுவிட்டு நான் கடைசியில் போய் நின்றேன். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மகள் மறந்துவிட்டாளா? இல்லை, அந்த வரிசையில் நின்று நின்று பழகியதால்தான் எல்லோராலும் அடக்க முடியும் என்று நினைக்கிறாளா? இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏசுவதற்கல்ல, அறிவதற்காகவே நாளைக்குப் பள்ளிக்கூடம் போகப்போகிறேன். "பிள்ளை, என்னைத் தெரியுதோ?" என்றுதான் தொடங்குவேன்.

வீணாக ஊற்ற மனமில்லாமல் அந்தப் போத்தல் தண்ணீரை நானே குடித்து முடித்தேன். இப்போது எழும்பவேண்டியிருக்கிறது. நல்லவேளை, நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.