புடவையில் ஏறிய சேற்றுக் கரை

கார்த்திகை 18, புதன்.

நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

படவேட்டில் இருக்கும் எங்கள் தறிக்கொட்டகையைப் பார்க்க இன்று இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். போன வாரம் மலையிலிருந்து இறங்கிய சேறு தறிக்குழியை மூடி, தறியில் பூட்டியிருந்த பட்டுப் பாவு நூலையும் நாசமாக்கிவிட்டது. எங்கள் பாலிசியில் வெள்ளம் உண்டு, மண்சரிவு கிடையாது. "மலையா வந்து நம்ம மேல வுழப்போவுது?" என்று பாலிசி எடுத்த அன்றைக்கு அதை வேண்டாமென்றவர் என் வீட்டுக்காரர்தான்.

"சேறு எங்கம்மா?" என்றார் சர்வேயர். வெள்ளிக்கிழமை தறிக்குப் பூசை போடவேண்டுமே என்று குழியைச் சுத்தமாக வாரி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டோம். ஒரு போட்டோகூட எடுக்கத் தோன்றவில்லை!

தறிமேல் போர்த்தித் தரைவரை தொங்கவிட்டிருந்த பழைய நூல் புடவை மட்டும் துவைக்காமல் மூலையில் கிடந்தது. வீட்டுக்காரர் அதை விரித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நெய்த கரைபோல நேராகச் சேறு ஏறியிருந்தது.

சர்வேயர் குனிந்து பார்த்தார். "மண்சரிவுன்னா மண்ணும் கல்லும் மொத்தமா வந்து சுவத்தையே தள்ளியிருக்கும். இது தண்ணியோட ஓடி வந்து மட்டமா நின்னுகினு இருந்திருக்கு. வெள்ளம்னுதான் எழுதப்போறேன். கம்பெனி இன்னா சொல்லுதுன்னு பார்க்கலாம்."

வீடு இருக்கும் ஆரணி வரும்வரை பஸ்ஸில் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதை மட்டும் துவைச்சிடாதே" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்.

பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு மேலே, அதை மடித்து வைத்துப் பூட்டியிருக்கிறேன்.