அப்பா அச்சடித்த நன்றி

குரோருட், ஒஸ்லோ
ஐப்பசி 5, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துஷ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீ எழுதித்தான் நாங்கள் அறிய வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அமெரிக்காவில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை நான் உன் கல்லூரியின் இணையப் பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், அங்கே யாரோ ஒரு பிள்ளை உன் காலைப் பற்றி உன்னைவிட விபரமாக எழுதுகிறாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். ஏன் கடிதம், போனில் கதைக்கலாம்தானே என்று நினைப்பாய். கோபம் வந்தவுடன் நீ நோர்வே மொழிக்கு மாறிவிடுவாய், அந்த மொழியில் உன்னோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. அதோடு இரண்டு கிழமையாக நீ அப்பாவின் போனை எடுப்பதும் இல்லை. சனிக்கிழமைகளில் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும், ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி. திராமனில் உன் மச்சாள் சுஜானிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளைக்கு உன்னுடைய மூக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், பாவம் அது.

நீ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்கு இன்னும் எரிச்சல் வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் கல்லூரியில் விளையாட்டு விதிகளைப் பார்க்கிற அந்த அலுவலகப் பெண்ணோடு நானும் அப்பாவும் கணினியில் கதைத்தோம். நீ கேட்டபடி நாங்கள் சொல்லவில்லை. போன வருஷம் நாங்கள் உன் ஆட்டம் பார்க்க வந்த விமானச் சீட்டுக்கும் ஹோட்டலுக்குமான காசை ஹால்வர்சனுக்கு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லச் சொன்னாய். அப்பா, அது அவர் தந்தது, நாங்கள் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு கிழமையில் முடிவை உனக்கு எழுத்தில் தருவார்களாம். பருவம் முடியும்வரை உன்னை வெளியே உட்கார வைப்பார்கள் என்றுதான் அந்தப் பெண்ணின் பேச்சில் விளங்கியது. இது உன் கடைசி வருஷம். மாதக் கடைசியில் வருகிற உன் கடைசி ஆட்டமும் அதோடு போகிறது. அங்கே உள்ளவர்கள் சொல்லி நீ அறிவதைவிட என் எழுத்தில் அறிவது நல்லது.

நீ அலுவலகம் சொன்னதை மட்டும்தான் கேட்டாய், எங்கள் பக்கத்தில் நடந்ததைக் கேட்கவேயில்லை. போன வருஷக் கோடையில் ஹால்வர்சன் நோர்வேக்கு வந்தபோது, உங்கள் ஊரில் டிராக்டர் கடைகள் வைத்திருக்கிற ஒருவர், உன் கல்லூரியில்தான் படித்தவர், அங்கே நடக்கிற உங்கள் உதைபந்தாட்டம் ஒன்றையும் தவறவிடாதவர், இவ்வளவுதான் நீ சொல்லியிருந்தாய். தன் பூட்டனார் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தைத் தேடித் திராமனுக்கு வந்தவர், அதைப் பார்த்துவிட்டு எங்களையும் பார்க்க வந்தார். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டார், சொதியில் மூன்றாம் தரமும் விடச் சொன்னார். பேச்சுவாக்கில், துஷ்யா கோல் காப்பதை அங்கே வந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நீ போன காலத்தில் இருந்து ஒரு தரமும் இல்லை என்று அப்பா சொன்னார். மனுசன் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லோரும் வந்து இருக்கிற இடத்தில் உன்னுடைய கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருவரும் இல்லாததைத் தான் ஒவ்வொரு முறையும் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு மாதத்தில் சீட்டு வந்தது. ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

பிழை நடந்தது அந்த வசனத்தில்தான். விளையாடுகிற பிள்ளையின் வீட்டாருக்கு வெளியார் இப்படிக் காசு செலவழிக்கக்கூடாது என்பது அங்கே விதியாம், அந்த ஊரில் அப்படி எழுதினால், வெளியே தெரிந்தால் கரைச்சல் என்று அர்த்தமாம். எங்களுக்கு அப்படியா விளங்கும்? கோவிலுக்கு அள்ளிக் கொடுக்கிறவர்களும் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்குக் கிண்ணம் வாங்கித் தருகிறவர்களும் என்ன சொல்கிறார்கள், என்ர பேரைப் போடாதேங்கோ என்றுதானே. போடாவிட்டால் அடுத்த வருஷம் முகம் கொடுக்க மாட்டார்கள். பெரிய மனுசர் எப்பவும் உப்பிடித்தான் சொல்லுவினம், நாங்கள்தான் விளங்கி நடக்க வேணும் என்று அப்பா சொன்னார். நானும் ஓம் என்றேன். அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாசலில் பனி தள்ளுகிறவருக்கும் மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். கழகத்தின் இந்த வருஷ மலரில் தானே ஒரு முழுப் பக்கம் எடுத்து நன்றி நவிலல் போட்டார். எங்கள் மகளின் ஆட்டத்தை நேரில் காண விமானச் சீட்டும் தங்குமிடமும் தந்துதவிய வள்ளல் என்று எழுதி, இடியப்பத் தட்டோடு அந்த மனுசனின் படமும் போட்டு, தமிழிலும் நோர்வே மொழியிலும், அவரும் வாசிக்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும். பிறகு அதை முகநூலிலும் ஏற்றினார்கள். உங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத உன் பெயரைத் தேடியிருக்கிறார், அந்தப் பக்கம்தான் அவருக்கு முதலில் வந்தது, அதைப் பற்றி அவர் கல்லூரியிடம் கேட்க, விஷயம் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டது. யாரும் உனக்குக் குழி பறிக்கவில்லை பிள்ளை. எல்லோரும் நல்லது செய்யப் போய்த்தான் இது நடந்தது.

இந்தக் கிழமை முழுக்க இங்கே ஆளுக்கொரு நியாயம். கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா வீட்டுக்கு வந்து கொதித்துவிட்டுப் போனார். விளையாடுறது பிள்ளையள், டிக்கெட் வித்து ரிவியில காட்டி உழைக்கிறது கல்லூரி, பிள்ளையின்ர தாய் தகப்பன் ஒருக்காப் பாக்கப் போனது குற்றமோ என்று கேட்டார். இப்போது அங்கே விளையாடுகிறவர்களுக்குக் கல்லூரியே காசு கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, ஆனால் பெரிய பங்கு தலைக்கவசம் போட்டு முட்டி மோதுகிற பெடியளுக்குப் போகிறது, உங்கள் பக்கம் வருவது துடைத்து வழித்ததுதான் என்று நீயே சொன்னாய். உன் அறைத்தோழி சப்பாத்து விளம்பரத்தில் நின்று உழைக்கிறாள், நீ மாணவர் விசாவில் இருப்பதால் அதுவும் முடியாது. அங்கே வந்தபோது கல்லூரிக் கடையில் உன் சட்டை தொங்குவதைப் பார்த்தேனே, முதுகில் பெரிய எழுத்தில் குகநேசன். அப்பாவின் பெயரை விற்கிறார்கள், காசு அப்பாவுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. ஆகவே கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணமும். பந்துக்குப் பாய்ந்து செயற்கைப் புல்லில் உருண்டு சிராய்த்த முழங்கைகளுக்கு நான்தான் மருந்து கட்டியவள், அந்த உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் உன் பழைய பயிற்சியாளர் ஆன்ட்ரியாஸைக் கடையில் கண்டேன், அவர் வேறு மாதிரிச் சொன்னார். காசுள்ளவர் தனக்குப் பிடித்த பிள்ளைக்கு ஒளித்துக் கொடுக்கத் தொடங்கினால், பிடிக்காத பிள்ளையின் கதி என்ன என்று கேட்டார். அவர் வேலை முடிந்து வந்து மழையிலும் பனியிலும் ஒரு குரோணரும் வாங்காமல் உங்களுக்குப் பந்து பழக்கியவர். நாங்கள் பெற்றார் எல்லோரும் டுக்னாட் என்று சொல்லி, கூலியில்லாமல் வாஃபல் சுட்டும் வீடு வீடாக டொய்லெட் பேப்பர் விற்றும்தான் உங்கள் அணிக்குப் பந்து வாங்கினோம். உன் முதல் கையுறை அந்தப் பேப்பரில் வந்தது. கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியக் கொடுத்தால் அப்பா போன்ற ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி நீ கோபிக்கிற இடத்துக்கு வருகிறேன். ஹால்வர்சனின் கடை மனேஜர் போன் எடுத்து, காசைப் பெற்றுக்கொண்டதாக ஒரு தாள் எழுதித் தருகிறோம், நீங்களும் அப்படியே சொன்னால் பிள்ளை அடுத்த ஆட்டத்திலேயே இறங்கலாம் என்றார். அன்றைக்கே உன்னுடைய செய்தியும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் சொல்லலாம் என்றுதான் நின்றேன். என் பிள்ளையின் கடைசி வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பொய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார், நாள் முழுக்கத் தபான் ரயிலை ஓட்டிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். தந்தவர் எண்டு நன்றி எழுதிப்போட்டு, இப்ப அந்தாள் தரேல்லை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது உதயா என்று. நான் சட்டத்தைப் பற்றிக் கதைக்க ஆயத்தமாக நின்றேன். அவருக்குச் சட்டமும் இல்லை, பொய் பாவம் என்ற பயமும் இல்லை. அந்த மனுசன் கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்வது அவருக்கு வாய்க்குள் வராத ஒன்று. நான் கத்தினேன், பிள்ளையை விட அந்த வெள்ளைக்காரன் பெரிசோ என்றும் கேட்டேன். அவர் அழுதார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தாள். அப்பா தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் வந்து இறங்கிய பிறகுதான் அவளுக்கே தெரியும் என்பதை மூன்று தரம் சொன்னார், அது உண்மைதானே. சீட்டின் பெறுமதியை ஏதாவது தர்ம நிறுவனத்துக்குக் கட்ட வேண்டி வருமாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதைப் பற்றி நீ மூச்சு விடக்கூடாது. ஹால்வர்சனையும் இனி மைதானப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், அதைக் கேட்டு அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. முடிவில் அந்தப் பெண்ணுக்கும் நீளமாக நன்றி சொன்னார். அதற்கு அவள், இந்த வேலையில் தனக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்றாள். நான் மேசைக்குக் கீழே அப்பாவின் காலை மிதித்தேன், இல்லாவிட்டால் அவளையும் அடுத்த மலரில் போட்டுவிடுவார்.

விதிப்படி அந்த மனுசன் செய்தது பிழையாக இருக்கலாம் துஷ்யா, ஆனால் என்னால் அவரை நோக முடியவில்லை. அவர் அப்படிச் செய்யாதிருந்தால் நான் உன்னைப் பார்த்திருக்கவே மாட்டேன். வீட்டில் காய்ச்சலுக்குக் குளிசை போடக்கூட நூறு தரம் சொல்ல வேண்டிய என் பிள்ளை, அங்கே ஒரு கையைத் தூக்க, அத்தனை பேரும் அவள் காட்டிய இடத்தில் போய் நின்றார்கள். கோலுக்குள் போகவிருந்த அந்தப் பந்தை நீ தட்டி விழுத்தியபோது, பின்னால் இருந்தவர்கள் குகநேசன் குகநேசன் என்று கத்தினார்கள். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் இருந்து எத்தனை கந்தோர்களில் அந்தப் பெயரைச் சப்பித் துப்பியிருப்பார்கள். அன்றைக்கு அது ஒரு மைதானத்தின் வாயில் இருந்தது. அப்பா எழும்பி நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். உனக்கு அது தெரியாது, நீ முதுகு காட்டிக்கொண்டு நின்றாய். அந்த ஒரு நாளுக்காக ஹால்வர்சனுக்கும் உனக்கும் கடவுளுக்கும் நான் நன்றி உடையவள், எந்த அலுவலகம் கேட்டாலும் சொல்வேன்.

இனி ஒரு செய்தி. மாதக் கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். குசினி திருத்தச் சேர்த்த எங்கள் காசில் சீட்டுப் போட்டாயிற்று, குசினி இன்னும் ஒரு வருஷம் இப்படியே கிடக்கட்டும், அந்த அலுமாரிக் கதவை நான் முழங்காலால் சாத்தப் பழகிவிட்டேன். அன்றைக்குக் கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லோரும் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு திடலுக்குள் நடப்பார்கள் என்று நீ முதல் வருஷமே சொல்லியிருக்கிறாய். விளையாட முடியாவிட்டாலும் நடக்கலாமா என்று அப்பா அந்தப் பெண்ணிடம் கேட்டார், அவள் ஓம் என்றாள். ஆனால் நீ ஓம் என்று சொல்ல வேண்டுமே. எல்லோரும் பார்க்க, விளையாட்டுச் சட்டை இல்லாமல், இந்த நிலைக்கு உன்னைக் கொண்டுவந்த மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது உனக்குப் பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். என்னோடு மட்டும் நடக்கிறேன் என்றாலும் சரி, ஒருவரும் வேண்டாம் என்றாலும் சரி, நாங்கள் மேலே இருந்து கை தட்டிவிட்டு வருவோம். அப்பாவுக்கு இதை உன்னிடம் கேட்கத் துணிவு இல்லை. போன் கையில் எடுக்கிறார், வைக்கிறார். ஊருக்கெல்லாம் மூன்று மொழியில் எழுதத் தெரிந்த ஆளுக்குத் தன் பிள்ளைக்கு இரண்டு சொல் எழுத வரவில்லை. அவருக்காகக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறேன், எழுதினால் எழுதட்டும்.

முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. இத்தோடு வருகிற பார்சலில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பழுப்புச் சீஸும் இருக்கின்றன, தாய் அனுப்பினால் குற்றம் இல்லையாம், கேட்டுத்தான் அனுப்புகிறேன். அறைத்தோழிக்கும் கொடு. விளையாடினாலும் வெளியே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் உன் பக்கத்தில் நிற்பார். நீ எங்களுக்குப் பிள்ளையாக வந்ததே பெரிது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
உதயகுமாரி குகநேசன்

பிள்ளை, நானும் நடக்க வரட்டோ?
அப்பா