குளத்தைப் பற்றி நீ எழுதினது

குட்டா,

சுகமா என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் ஊரைவிட்டு வந்து இந்தச் சாலைக் கடைத்தெருவில் அதே ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு கிடக்கிறேன்.

நம்ம ஊர்க்குளத்தை வெட்டினது பொம்பளைங்கதான் என்று, எல்லாரும் சேர்ந்து எழுதுற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் நீ எழுதினாயே, அதை எடுத்துட்டானுவ. "புதியவரே, ஆதாரம் கேட்டு ஒரு வாரமாகியும் பதில் இல்லை, நீக்கிவிட்டேன்" என்று அங்கே பழந்தின்னு கொட்டைபோட்ட ஒருத்தன் எழுதியிருக்கான். அந்த வாரந்தான் உன்னை அடக்கம் பண்ணினோம்.

எனக்கு ஆத்திரம் அடங்கலை. கூட வேலைசெய்யும் சுமியை விட்டு உன் போனிலேயே எழுத வைத்தேன்: "ஏலே, எம்புள்ள செத்துட்டான். எப்படிலே பதில் சொல்லுவான்?"

"வருந்துகிறேன் அம்மா. ஆதாரம் தந்தால் திரும்பச் சேர்க்கலாம்" என்கிறான். அவன் வருத்தம் யாருக்கு வேணும்?

ஊரில் எல்லாரிடமும் போனில் கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியலை. உனக்கு அதை யாரு சொன்னா, மக்களே?