பற்றிஸுக்குள் கோவா

25.02.2006, சனி, பீலெஃபெல்ட்

மேல்வீட்டுப் போலந்துக்காரி டனூட்டா சொல்லித்தந்த பஷ்டெச்சிகியைச் சுட்டுக்கொண்டு இங்குள்ள தமிழரின் சித்திரை விழாவை நடத்தும் பரமேசு அக்கா வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனேன். பார்வைக்கு, மாவுக்குள் மீன் வைத்துச் செய்யும் நம் பற்றிஸ்தான். உள்ளே மீனுக்குப் பதில் நறுக்கி வதக்கிய கோவா இலையும் காளானும்.

ஒன்றைக் கடித்த அக்கா சபை நடுவே கேட்டார்: "மீன் போட மறந்திட்டியோ பிள்ளை?"

"போலந்துப் பற்றிஸ் அப்பிடித்தான் அக்கா."

"அப்ப சித்திரை விழாவுக்கு ரோல்ஸ் பொரிக்கிறதை வசந்தியிட்டைக் குடுப்பம்."

இத்தனை வருடமும் விழா ரோல்ஸ் என்னுடையது. இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பதவி.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அக்காவின் கணவர் குனிந்து, "மிச்சத்தை வைச்சிட்டுப் போ பிள்ளை, அவவுக்குச் சொல்லாதை" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். ரோல்ஸை வசந்தியே பொரிக்கட்டும். கோயில் திருவிழாவுக்கு முட்டைகூடச் சேர்க்காமல் தட்டுத் தட்டாகப் பஷ்டெச்சிகி சுடுவேன். அங்கே வந்து, மீன் எங்கே என்று அக்கா கேட்கட்டும் பார்ப்போம்.