போயிட்டு வரேன்

அன்பான அம்மாவுக்கு உன் வாலு எழுதறது. நான் நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடறாரா? போன்ல பேசினா குரலே காட்டிக் கொடுத்துடும்னுதான் எழுதறேன்.

பயப்படாதே, சிரிக்கிற விஷயம்தான். ஞாயித்துக்கிழமை எங்க புரொபசர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கிளம்பறப்போ "போறேன்"னு சொல்ல வாய் வரலை. நம்ம வழக்கப்படி "போயிட்டு வரேன்"னு இந்த நாட்டு பாஷையில அப்படியே சொல்லிட்டு, ரூமுக்கு வந்து தூங்கிட்டேன்.

மறுநாள் வகுப்புல அவர், "உடம்பு சரியில்லையா? நீ திரும்பி வருவேன்னு என் மனைவி கடைக்குக்கூடப் போகாம இருட்டற வரைக்கும் காத்திருந்தா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் கூனிக்குறுகிப் போயிட்டேன். அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை.

சட்டைப் பட்டன் ரெண்டு விழுந்துடுச்சு. ஊசி இங்கேயே கிடைக்கும். ஆனாலும் நீ ஒரு ஊசியில நூல் கோத்து அனுப்பேன்.

அம்மா, நம்ம வீட்டுல இருந்தவரைக்கும் தினமும் காலேஜுக்குக் கிளம்பறப்போ அதே வார்த்தையைப் படியிறங்கிக்கிட்டே கத்திட்டு ஓடுவேன். அப்புறம் ஃபிரெண்ட்ஸோட ஊர் சுத்திட்டு இஷ்டத்துக்கு வருவேன். நீயும் அந்தம்மா மாதிரி வாசலைப் பார்த்துக்கிட்டேதானே இருந்திருப்பே? ஒருநாள்கூட எனக்குத் தோணலையே.

துணி துவைக்கப் போட்டிருந்த மெஷின் ஓடி முடிச்சிடுச்சு, அடுத்த ஆள் துணியோட நிக்கிறார். முடிச்சுக்கறேன். செமஸ்டர் முடிஞ்சதும், ஏர்போர்ட்ல சொன்னபடியே வந்துடறேன்மா.