கோபுரத்து வெள்ளைத் துணி

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். அம்மாவுக்கு மழையில் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் குரலில் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமை அவள் இழுக்கிற இழுப்புக்கு ஆர்மோனியம்தான் பின்னால் ஓடி வருகிறது. கோயில் கூரை மேற்கு மூலையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் பித்தளை விளக்குகள் பச்சை பிடித்துப்போய், தேய்த்துத் தேய்த்து என் நகமும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. பாதிரியார் மாதம் ஒரு தடவைதான் படகில் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் நான்தான் வேதம் வாசித்து ஜெபம் சொல்லி ஒப்பேற்றுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படகு வருகிற காலையில் நான் கோயில் கோபுரத்தில் ஏறி, படகுக்காரருக்கு அடையாளமாக, அலை அடங்கியிருந்தால் வெள்ளைத் துணியும் இல்லாவிட்டால் சிவப்பும் கட்டுவது உனக்குத் தெரியும், நீயே சின்ன வயதில் துணியை மடித்துக் கொடுத்திருக்கிறாய். போன மாதம் ஆராதனை முடிந்ததும் பாதிரியார் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, இத்தனை வருடம் உழைத்ததற்கு நன்றி, இனி கரையில் கம்பம் நட்டுக் கீழே நின்றே துணி ஏற்றலாம், அதைப் படகுத்துறைக்காரர் பார்த்துக்கொள்வார், இது மேலிடத்து முடிவு என்று சொல்லி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, உம்முடைய சித்தம் ஆகட்டும் ஆண்டவரே என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று சோப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க மக சொன்னது நியாயம்தாண்ணே, இந்த வயசுல அந்த ஏணி எதுக்கு" என்றார். நீ ரகசியமாகப் பேசியதாக நினைத்திருப்பாய். தீவுக்கே ஒரு போன், அதுவும் கடையில் என்பதை மறந்துவிட்டாயா? படகில் இங்கே வந்திருந்த பாதிரியாரைக் கடைக்கு வரவழைத்துத்தானே பேசினாய், அவருக்குப் போனில் காது சரியாகக் கேட்காது, கேட்டதைத் திருப்பிச் சொல்லித்தான் உறுதிப்படுத்திக்கொள்வார். "அப்பா தலைசுத்தி விழுந்துடுவார்னு பயமா இருக்கா? நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லாதீங்கன்னா சொல்றீங்க? சரிம்மா, சொல்லல" என்று கத்தினாராம். வெங்காயம் வாங்க நின்றவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் கடிகாரத்தைக் கையில் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, கை தட்டிய அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அம்மாவைக் கேட்டேன், "அவ பயந்துபோய் செஞ்சுட்டா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவளும் உன் கட்சிதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்து எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றுதான் இன்னும் புரியவில்லை.

எனக்கு வயதாகிவிட்டது, ஒரு தடவை தலை சுற்றியதும் உண்மை, அதையும் உனக்கு எழுதியது நான்தானே. அந்தக் கடிதத்துக்குப் பதிலாக, "அப்பா, போதும், இறங்குங்க" என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் திட்டிவிட்டு இறங்கியிருப்பேன். நீ பாதிரியாரை விட்டுச் சொல்லவைத்தாய். நான் ஆண்டவருடைய சித்தம் என்று நினைத்து முழங்காலில் நின்றது உன்னுடைய சித்தத்துக்கு. அதை நினைத்தால் ஜெபம் பண்ணவே வாய் வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்று, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோபுரத்தில் நின்றால் படகு தீவின் முனையைச் சுற்றித் திரும்பும்போதே தெரியும், கரையில் நிற்பவர்களுக்கு அப்புறம்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் நீ வரும்போது உன்னை முதலில் பார்ப்பது நான்தான். உன் தலை தெரிந்த பிறகுதான் கீழே இறங்குவேன். அதையும் சேர்த்துத்தான் நீ இறக்கிவிட்டாய்.

கடிகாரத்தை இன்னும் மாட்டவில்லை. கோபுரச் சாவியைப் பாதிரியார் கேட்டார், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது என் இடுப்பில்தான் இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் படகேறி வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறேன். நீ வருகிற அன்று மட்டும் மேலே ஏறுவேன், அதை யாரிடம் வேண்டுமானாலும் போன் போட்டுச் சொல்லிக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
சாவியை இன்னும் கொடுக்காத
உன் அப்பா